போலோவின் முன்பக்க ஷாக்: ரப்பருக்கு எத்தனை மில்லிமீட்டர்?

என் போலோவுக்கு ஷாக் அப்சார்பர் மாற்றும் வேலையில் முன்பக்கம் முடிந்தது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பார்த்ததில், வளைவின் நடுவே மூக்கு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும் பழைய வியாதி ஒழிந்தது. அதே காரில் வீடு திரும்பியபோது கோவையின் வேகத்தடைகளும் இடுப்பை விட்டுவைத்தன. தெருவுக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று என இரண்டு செட் ஷாக் அப்சார்பர் இல்லாமல் ஆகாது என்று அடித்துப் பேசிய நண்பர்கள் இப்போது வேறு விஷயம் பேசுகிறார்கள்.

கார், போலோ ஜிடி டிஎஸ்ஐ, பழைய 1.2 லிட்டர். முந்தைய உரிமையாளர் 25 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைக் கம்பெனி ஷாக்கின் மேலேயே மாட்டியிருந்தார். நிற்கும்போது நல்ல அழகு. ஓட்டியவர்கள் எல்லோரும் ‘ஷாக் போய்விட்டது’ என்றார்கள். கழற்றிப் பார்த்தால் எண்ணெய்க் கசிவு இல்லை, கையால் அழுத்தினால் தடையும் சரியாகவே இருந்தது.

ஸ்பிரிங்கைத் தெரியாமல் ஷாக்கை வாங்கக் கூடாது என்பது என் பிடிவாதம். பட்டறை பிரஸ்ஸில் வைத்து அழுத்தியதில் முன் ஸ்பிரிங் மி.மீ.க்கு 28 நியூட்டன் காட்டியது. கம்பெனி ஸ்பிரிங் ஒன்றையும் தேடிப் பிடித்து அளந்தேன்: 22. பந்தய அணி ஒன்றிடம் நான்கு சக்கரத் தராசு இரவல் கிடைத்தது. லாரி எடை மேடையை நம்பி இந்தக் கணக்கில் இறங்காதீர்கள். முன் இடது மூலையில் 320 கிலோ. சக்கரம், பிரேக், நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) போக ஸ்பிரிங் தாங்குவது ஏறக்குறைய 285. அலைவெண், அதாவது கார் ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது, கம்பெனி ஸ்பிரிங்கின் 1.4 ஹெர்ட்ஸிலிருந்து 1.6க்கு வருகிறது. தெருவில் பொறுத்துக்கொள்ளலாம். 40 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால் 1.9, பொள்ளாச்சி சாலையில் தினமும் போகிறவனுக்கு அது தண்டனை.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஸ்பிரிங் 27 சதவீதம் கடினமானாலும், அதே தணிப்பு விகிதத்துக்கு (அந்த ஆட்டம் அதே அளவு சீக்கிரம் அடங்குவதற்கு) ஷாக்கிடம் கூடுதலாகக் கேட்பது 13 சதவீதம்தான். எல்லாம் வர்க்கமூலத்தின் தயவு. முப்பது ‘கிளிக்’ திருகும் காயில் ஓவருக்கு (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து வரும் செட்) கொட்ட இருந்த பணம் அந்த ஒரு வரியில் மிச்சமானது. சாதாரணமாகக் கிடைக்கும் பில்ஸ்டைன் பி8 ஷாக் போதும் என்று முடிவு செய்தேன். பி6 ஏன் இல்லை? அது கம்பெனி உயரத்துக்கான நீளம். தாழ்த்திய காருக்குக் குட்டையானது வேண்டும். இந்த மி.மீ. கணக்கில்தான் பல நாள் தூக்கம் போனது.

ஷாக் அமுங்க எவ்வளவு இடம் மிச்சம் என்று அளக்க, ஸ்பிரிங் இல்லாமல் ஸ்ட்ரட்டை (முன் ஷாக் அடங்கிய தூண்) மட்டும் கோத்து மாட்டி, கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரின் லிங்க்கை இருபுறமும் கழற்றிவிட்டு, ஜாக்கியால் நக்கிளை மெல்ல உயர்த்த வேண்டும். லிங்க்கைக் கழற்றாமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது. ஷாக் முழுக்க அமுங்கி முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடும் இடத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து, கார் தரையில் நிற்கும்போது எடுத்த அளவிலிருந்து கழித்தால் மிச்ச இடம் தெரியும். பழைய ஷாக்கில் அது 14 மி.மீ. முன் சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.46 மீட்டர், கார் 3 பாகை சாய்ந்தாலே வெளிச்சக்கரம் 38 மி.மீ. மேலேறும். அதாவது ஒவ்வொரு வளைவிலும் கார் ரப்பரின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணத்தில் அந்த மூலை திடீரென்று பல மடங்கு கடினமாகிறது, டயர் பிடியை விடுகிறது. பழி மட்டும் ஷாக்குக்கு.

பி8 முன் ஸ்ட்ரட்டில் இன்னொரு தலைவலி. தலைகீழாக அமைந்த மோனோ டியூப் (ஒற்றைக் குழாய் ஷாக்) என்பதால் ரப்பர் உள்ளே ஒளிந்திருக்கிறது. தொடுவது கண்ணுக்குத் தெரியாது. ஜாக்கிக்கு அடியில் ஒரு தராசை வைத்தேன். எண் நிதானமாக ஏறிக்கொண்டே வந்து, ரப்பர் தொட்டதும் துள்ளியது. மிச்ச இடம் 41 மி.மீ.! வளைவில் வேண்டிய 38ஐத் தாண்டிவிட்டது. இரு பக்கமும் அதேதான். அந்த எண்ணைச் சாக்பீஸால் பட்டறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஸ்ட்ரட்டைக் கவ்விப் பிடிக்கும் நக்கிள் பிளவை விரிக்கும் கருவி பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் விற்றது முதல் திருப்பிலேயே முறுக்கிக்கொண்டது. கணபதியில் ஒரு லேத் பட்டறையில் நல்ல எஃகில் 5.5க்கு 8 மி.மீ. அளவில் கடைந்து வாங்கினேன். உள்ளே விட்டு 90 பாகை திருப்பினால் ஸ்ட்ரட் வழுக்கிக்கொண்டு வருகிறது. கடைந்து தந்தவர் கூலியாகக் கேட்டது, காரில் ஒரு சுற்று.

பின்பக்க ஷாக் இரண்டும் இன்னும் பெட்டியில்தான் தூங்குகின்றன. மேல் மவுண்ட் ரப்பரை அனுப்புவதாகச் சொன்ன இறக்குமதியாளர் ‘நாளை’ என்ற ஒரே பதிலை வைத்தே காலம் தள்ளுகிறார். வந்தால் அரை நாள் வேலை. கீழ் புஷ் போல்ட்டைக் கார் சக்கரத்தில் நிற்கும்போது இறுக்கினால் சரி. அதற்குள் மனம் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குப் போய்விட்டது. கரியில் சுற்று 2.1 கி.மீ., அங்கே 3.7, வேகமும் அதிகம், பிரேக் சூடும் அதிகம். பிரேக் பேட் பட்டியலை இப்போதே புரட்டிக்கொண்டிருக்கிறேன். பின்பக்கத்தின் மிச்ச இடத்தை அளக்காமல் அந்தப் பக்கம் போவதாக இல்லை.