பினாயிலும் நல்லெண்ணெயும்

பினாயில் வாசம் வந்தாலே எனக்கு அடிவயிறு இறுகிவிடும். முதல் பிரசவம் முடிந்து நாலு வருஷம் ஆகியும் அது போகவில்லை. அப்போது என்னோடு துணைக்கு யாரையும் உள்ளே விடவில்லை. பதினாலு மணி நேரம், ஒரு டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டு தனியாகக் கிடந்தேன். அவ்வப்போது ஒரு அம்மா வந்து தரையைப் பினாயில் போட்டுத் துடைத்துவிட்டுப் போவார். அவர் மேல் தப்பு ஒன்றும் இல்லை, அவர் வேலையைச் சுத்தமாகச் செய்தார். ஆனால் அந்த வாசமும் அந்த நேரத்துப் பயமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன.

இரண்டாவது தடவை உண்டானதும் அக்காவிடம் முதலில் சொன்னது இதைத்தான். அவள் கோயம்புத்தூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள், எண்ணெய் விஷயமெல்லாம் கொஞ்சம் தெரியும். "அப்போ இந்தத் தடவை நம்ம வாசத்தை உள்ளே கொண்டுபோயிருவோம்டி" என்றாள். வாசனை எண்ணெய் வைத்தியத்துக்கு அரோமாதெரபி என்று ஏதோ பெரிய பேராகச் சொன்னாள். பார்லரில் முகத்துக்குத் தடவுவதை எல்லாம் பிரசவ அறைக்குக் கொண்டுவரப் போகிறாளோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்புறம் அவளே ராத்திரி ராத்திரியாகப் படித்துவிட்டு போனில் சொல்வாள். மூக்கில் ஏறுகிற வாசனை, பார்ப்பதும் கேட்பதும் போலச் சுற்றிப் போவதில்லை. மூளையில் உணர்ச்சியும் ஞாபகமும் இருக்கிற பக்கத்துக்குக் கிட்டத்தட்ட நேராகப் போய்ச் சேர்கிறது. பயந்தால் அட்ரினலின் ஏறும். அது ஏறினால் பிரசவ வலியை நடத்துகிற ஆக்ஸிடோசின் தடுமாறும். எனக்கு இது புதுச் செய்தியே இல்லை. பினாயில் விஷயத்தில் என் வயிறு ஏற்கெனவே படித்துவைத்திருந்த பாடம்தான்.

பலன் உண்டா என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் 1990 முதல் 1998 வரை 8,058 தாய்மார்களுக்குப் பிரசவ நேரத்தில் இந்த எண்ணெய்களைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் உதவியாக இருந்தது என்றார்கள். குமட்டல், தலைவலி மாதிரி தொந்தரவு வந்தது நூற்றில் ஒருவருக்குத்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2011இல் வந்தது. அது, ஒழுங்காக ஒப்பிட்டுச் செய்த சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டது. தேறியது இரண்டே இரண்டு, மொத்தம் 535 பெண்கள். வலி குறைந்தது என்று சொல்ல ஆதாரம் போதாது என்று முடித்துவிட்டார்கள். அதனால் வலி குறையும் என்று யாராவது அடித்துச் சொன்னால் அவர் எண்ணெய் விற்கிறவராக இருப்பார். எனக்கு வேண்டியிருந்தது வலி குறைவது இல்லை, பயம் குறைவது.

எண்ணெய் வாங்கப் போன கதை தனி. நாம் இருப்பது நீலகிரி, தைலத்துக்கே பேர் போன ஊர், இங்கே கிடைக்காத எண்ணெயா என்று ஊட்டிக் கடைத்தெருவில் இறங்கினேன். யூகலிப்டஸ், லெமன்கிராஸ், விண்டர்கிரீன், லாவெண்டர் என்று அலமாரி நிறையப் பாட்டில்கள். லாவெண்டர் என்று எழுதிய ஒன்றை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிவந்தேன். அக்கா வந்து வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டாள். சுத்தமான வாசனை எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், பெரிதாகக் கறை இருக்காது. இதுவோ மறுநாள் காலையிலும் வடை வைத்த காகிதம் மாதிரி எண்ணெய் வட்டத்தோடு கிடந்தது. ஏதோ எண்ணெயில் சென்ட் கலந்து அடைத்திருக்கிறார்கள். லேபிளில் செடியின் தாவரவியல் பெயர், தேதி, தயாரித்தவர் முகவரி ஒன்றும் இல்லை. நானும் பார்க்காமல்தான் வாங்கினேன்.

நல்ல வேளை, மூட்டு வலிக்கு என்று அம்மாயிக்கு வாங்கிய விண்டர்கிரீனை நான் தொடவில்லை. அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பம். வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் பக்கத்தில்கூட வைக்கக் கூடாது என்று அக்கா அதைத் தனி டப்பாவில் போட்டு மூடினாள். நம் ஊர்ப் பொருள், இயற்கைப் பொருள் என்பதால் மட்டும் எதுவும் சாதுவாகிவிடாது.

கடைசியில் லாவெண்டர், ஆரஞ்சு, பெப்பர்மின்ட், கிளாரி சேஜ் என்று நாலு சின்னப் பாட்டில் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. கிளாரி சேஜ் என்கிற மூலிகை எண்ணெய்தான் எல்லாவற்றிலும் விலை, பத்து மில்லி எழுநூறு ரூபாய்க்கு மேல்.

முப்பத்துநாலாவது வாரம் டாக்டரம்மாவிடம் பயந்துகொண்டே கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "வலிக்கு மருந்துன்னு நினைச்சா வேண்டாம். பதட்டத்துக்குன்னா கொண்டு வாங்க, ஆனா நான் சொல்றபடி" என்றார். பாட்டிலைத் திறந்து தோலில் நேராகத் தடவவே கூடாது, ஐந்து மில்லி சாதா எண்ணெய்க்கு இரண்டு சொட்டு போதும். வாயில் ஒரு துளி போகக் கூடாது. கிளாரி சேஜ் மாசம் நிறைவதற்கு முன்னால் திறக்கவே வேண்டாம், வலி வர டிரிப்ஸ் போட்டால் அதோடும் சேர்க்க வேண்டாம். அது கர்ப்பப்பையைத் தூண்டும் என்கிறார்களாம், இரண்டும் சேர்ந்தால் கணக்குத் தப்பும் என்றார். வலிப்பு, ஆஸ்துமா இருக்கா என்று கேட்டுக்கொண்டார். அக்கா ஆசையாக வாங்கிய, அறை முழுக்க வாசனையைப் பரப்புகிற டிஃப்யூசருக்கு மட்டும் கண்டிப்பாக மறுத்துவிட்டார். "ரூம்ல ரெண்டு கட்டில். எங்க சிஸ்டர் ஒருத்தங்களுக்கு வீசிங் வேற. கைக்குட்டைல போட்டுக்கோங்க." அக்கா உள்ளே இருக்கலாமா என்று கேட்டேன். கட்டாயம் இருக்கட்டும் என்றார். அதைக் கேட்டதுமே எனக்குப் பாதிப் பயம் இறங்கியது.

ஜனவரி. கோத்தகிரியில் உறைபனி விழுந்த வாரம். ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பைச் சுற்றி வலி வந்தது. அம்மாயி விடுவாரா, சூட்டு வலியா நிஜ வலியா பார்க்கணும் என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். குடித்து அரை மணியில் வலி ஓயவில்லை, நெருங்கித்தான் வந்தது. என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். குன்னூர் இருபது கிலோமீட்டர்தான். ஆனால் பனிமூட்டம், கட்டபெட்டு தாண்டி ரோட்டு நடுவில் காட்டெருமை நான்கைந்து நின்றுகொண்டிருந்தன. ஹாரன் அடிக்க முடியாது, லைட்டைத் தணித்துவிட்டுக் காத்திருந்தோம். அவை நகர்வதற்குள் எனக்கு இரண்டு வலி வந்துபோனது. வளைவுகளில் குமட்டியபோது அக்கா பெப்பர்மின்ட் போட்ட கைக்குட்டையை நீட்டினாள். தொண்டை வரை ஜில்லென்று ஏறி இன்னும் குமட்டியது. பையில் இருந்த கமலா ஆரஞ்சு ஒன்றை உரித்து, தோலை மூக்கருகில் கிள்ளிப் பிழிந்தாள். அதுதான் கேட்டது. எழுநூறு ரூபாய் சமாச்சாரம் எதற்கு என்று அப்போதே தோன்றியது.

உள்ளே நுழைந்ததும் முதலில் வந்தது பினாயில். கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்றார்கள். எனக்கு அது காதில் ஏறவில்லை, கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. அக்கா அவசரமாக லாவெண்டரை எடுத்தாள். மாசமாக இருந்தபோது ராத்திரி தலையணையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு தூங்கிய அதே லாவெண்டர். இங்கே அது பினாயிலோடு கலந்து ஏதோ ஹோட்டல் பாத்ரூம் மாதிரி அடித்தது. "எடு, எடு அதை" என்று தட்டிவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டில் பெண்ணின் அம்மாவும் "என்னம்மா வாசம் அது, எம் பொண்ணுக்கு குமட்டுதுங்கறா" என்று குரல் கொடுத்தார். அக்கா கைக்குட்டையை ஜிப் கவரில் போட்டு இழுத்து மூடினாள். வாசனை நம் பக்கத்துத் திரையோடு நின்றுகொள்ளாது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஜிப் கவர் மட்டும் நல்ல ஏற்பாடு.

சரி, இடுப்பையாவது தேய்த்துவிடுகிறேன் என்று தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாள். கல். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும் என்பது மலையில் பிறந்த எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதா என்ன? வீட்டில் தினம் அடுப்போரம் வைத்து உருக்குகிறவர்கள்தான். பிரசவப் பையைக் கட்டும்போது மட்டும் புத்தி எங்கே போனதோ. அக்கா பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பையைக் குடைந்தாள். அடியில், அம்மா பிள்ளை பிறந்ததும் காலில் தேய்க்க என்று செருகி வைத்திருந்த நல்லெண்ணெய் இருந்தது. உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்துச் சூடாக்கி, முதுகு முடிகிற இடத்தில் வைத்து அழுத்தினாள். ஒரு சொட்டு வாசனை எண்ணெய்கூடக் கலக்கவில்லை.

அந்த வாசம் வந்ததும் நான் அழுதுவிட்டேன். தீபாவளிக் காலை, லைன் வீட்டு வாசலில் விறகு அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறது. அரசாங்கத்து டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன அம்மாவின் கை என் உச்சந்தலையில் எண்ணெயை அறைந்து தேய்க்கிறது. "அசையாதடி" என்கிறார். அக்கா எனக்கு முன்னால் முறை முடித்துவிட்டு எண்ணெய் வழிய உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவும் ஒரே மூச்சில் வந்தது. பினாயில் அறையில் அப்படியேதான் இருந்தது, நான்தான் அதை மறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரே முறைதான். வலி ஏறும்போது கட்டிலைப் பிடித்துக் குனிந்து நிற்பேன். அக்கா உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இடுப்பெலும்பின் நடுவில் பலமாக அழுத்துவாள். வலி இறங்கும்போது கையை எடுக்காமல் மெல்லச் சுற்றுவாள். தேய்ப்பதைவிட அழுத்துவதுதான் கேட்டது. இடையில் வந்த சிஸ்டர் பார்த்துவிட்டு, "இன்னும் கீழே, இங்கே" என்று அக்காவின் கையை இரண்டு விரற்கடை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு விரற்கடைக்கு அவருக்கு நான் என்ன கொடுத்தாலும் தகும். மசாஜ், வெந்நீர் ஒத்தடம், மூச்சுப் பயிற்சி எல்லாம் விரும்புகிற பெண்களுக்குக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பரிந்துரைகளிலேயே இருக்கிறதாம். அக்கா பிறகு தேடிக் காட்டினாள்.

விடியற்காலை ஆறு சென்டிமீட்டரில் நின்றுபோனது. டாக்டரம்மா வந்து பனிக்குடத்தை உடைத்துவிட்டு டிரிப்ஸ் போட்டார். கிளாரி சேஜின் கதை அங்கேயே முடிந்தது, மூடியின் சீல்கூட உடையவில்லை. டிரிப்ஸ் வலி வேறு மாதிரி, மூச்சு விட இடம் கொடுக்காது. அந்த இரண்டு மணி நேரத்தில் எந்த வாசமும் எனக்கு ஞாபகம் இல்லை, வலி குறைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கத்தினேன். அக்காவின் மணிக்கட்டில் என் நகம் பதிந்த தடம் ஒரு வாரம் இருந்தது. ஆனால் கால் நடுங்கவில்லை. ஒன்பதே காலுக்குப் பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

பிள்ளை வெளியே வருவதற்கு முன்பே அக்கா கைக்குட்டை, பாட்டில் எல்லாவற்றையும் கவரில் கட்டி வெளியே கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிவிட்டாள். பிறந்த குழந்தை தாயை மோந்துதான் மார்பைத் தேடும், அந்த வாசத்தை மறைக்கிற எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் இன்னொரு விதி. என் முதுகில் நல்லெண்ணெய் இருந்தது, மார்பில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சண்டை. குளிருக்குப் பிள்ளைக்கு மூக்கடைக்கிறது, குல்லாவில் ஒரு சொட்டு நீலகிரித் தைலம் விடு என்கிறார் அம்மாயி. எங்களை எல்லாம் அப்படித்தான் வளர்த்தாராம். பச்சைக் குழந்தைக்கு யூகலிப்டஸும் கற்பூரமும் மூச்சையே பாதிக்கலாம் என்று சொன்னால், "அப்ப நீ எப்படி உயிரோட இருக்கே?" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தைலப் பாட்டிலைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அவருக்கு முட்டி வலிக்கும்போது நானே இறக்கித் தேய்த்துவிடுகிறேன், அப்புறம் என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குகிறேன்.

கிளாரி சேஜ் இன்னும் சீல் உடையாமல் அலமாரியில் இருக்கிறது. அக்காவின் நாத்தனாருக்குக் கூடலூரில் பங்குனியில் தேதி கொடுத்திருக்கிறார்களாம், அதை அனுப்பட்டுமா என்று நேற்றுக் கேட்டாள். டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுத்துப் போகச் சொல், கூடவே அவள் அம்மா அவளுக்குச் சின்ன வயதில் என்ன எண்ணெய் தேய்த்துவிடுவார் என்றும் கேள் என்றேன்.