டைல் படங்களை ஒட்டும் முன் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்

நுண்ணோக்கியில் திசு வெட்டு முழுவதையும் அதிக உருப்பெருக்கத்தில் ஒரே படமாக எடுக்க முடியாது, அதனால் டைல் டைலாக, அதாவது சின்னச் சின்னத் துண்டுப் படங்களாக எடுத்து அப்புறம் ஒட்டுகிறோம். எனக்கு இதற்குப் பிடித்தது ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் இருக்கும் ‘கிரிட்/கலெக்‌ஷன் ஸ்டிச்சிங்’ ப்ளகின், ஸ்டெஃபான் ப்ரைபிஷும் குழுவினரும் 2009-இல் வெளியிட்டது. பக்கத்துப் பக்கத்து டைல்கள் பகிரும் ஓரத்தை ஃபூரியே உருமாற்றத்தின் வழியாக ஒப்பிட்டு நகர்வைக் கண்டுபிடிக்கும், பிறகு எல்லா ஜோடிகளின் பிழையும் சேர்ந்து குறையும்படி ஒவ்வொரு டைலின் இடத்தையும் முடிவுசெய்யும். ஆகவே படமெடுக்கும்போதே 10 முதல் 20 சதவீதம் ஓவர்லேப் (ஒன்றின்மேல் ஒன்று விழும் ஓரம்) விடுங்கள், நுண்ணோக்கியின் மேடை வரிசையாகப் போனதா பாம்பு மாதிரி வளைந்து வந்ததா என்பதையும் குறித்துவையுங்கள்.

ஆனால் ஒட்டுவதற்கு முன் வெளிச்சம்! நடுவில் பளிச்சென்றும் மூலையில் மங்கியும் இருக்கும் டைல்களை அப்படியே ஒட்டினால் படம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓரங்களைப் படிப்படியாகக் கலக்கும் ‘லீனியர் பிளெண்டிங்’ தையலை மறைக்கும், அவ்வளவுதான். ஒளிர்வை அளக்கப் போகிறீர்கள் என்றால் எண்கள் தப்பாகவே வரும். நான் முதலில் இந்த வெளிச்ச வேறுபாட்டைச் சரிசெய்யும் ‘பேசிக்’ ப்ளகினை ஓட்டிவிடுவேன்.

பல சேனல்கள் (ஒவ்வொரு சாயத்துக்கும் தனித்தனிப் படம்) இருந்தால் அணுக்கருச் சாயம் உள்ள சேனலில் மட்டும் இடங்களைக் கணக்கிட்டு, ஸ்டிச்சிங் ப்ளகின் டைல்களின் இடங்களை எழுதித் தரும் டைல் கான்ஃபிகரேஷன் கோப்பையே மற்றவற்றுக்கும் கொடுங்கள், ஏனென்றால் மங்கலான சேனலில் தனியாகக் கணக்கிட்டால் டைல்கள் வேறு வேறு இடத்தில் போய் உட்காரும். 2048×2048 அளவில் 16 பிட் டைல் ஒன்றே 8 எம்பி. ஆழ அடுக்குகளும் சேர்ந்தால் பெரிய தரவுக்கென்றே இருக்கும் பிக்ஸ்டிச்சர் ப்ளகினுக்கு மாறிவிடுங்கள்.