வலது பக்கம் மட்டும் கேட்ட விசில் சத்தம்

தம்பிக்கு இரண்டு நுரையீரலும் மாற்றி நாலாவது மாதம். மதுரைக்குத் திரும்பி, மொட்டை மாடிப் படி ஏறும் அளவுக்குத் தேறியிருந்தான். ஒரு நாள் காலையில், "அக்கா, மூச்சு விடும்போது விசில் மாதிரி கேக்குது" என்றான். முதுகில் காதை வைத்துக் கேட்டேன். வலது பக்கம் மட்டும் கேட்டது.

பக்கத்துக் கிளினிக்கில் "மழைக்காலம், வீசிங்தான்" என்று நெபுலைசரும் கிளாரித்ரோமைசினும் எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரையைக் கொடுக்கும் முன் சீட்டைப் படம் பிடித்து மாற்று அறுவை நடந்த சென்னை மருத்துவமனையின் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டருக்கு அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது. அந்த மாத்திரை, புது நுரையீரலை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தம்பி தினமும் போடும் டேக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் கிடுகிடுவென ஏற்றிவிடும், கிட்னி அடி வாங்கும், கொடுக்காதீர்கள் என்றார். தயவுசெய்து எந்தப் புது மருந்தையும் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

உடனே சென்னைக்கு வந்து காட்டவும் சொன்னார். நெபுலைசர் போட்டதும் கொஞ்சம் இதமாக இருந்ததால் பத்து நாள் தள்ளிப்போட்டோம். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது. வீட்டு ஸ்பைரோமீட்டரில் முதல் நொடியில் ஊதும் அளவு 2.1 லிட்டரிலிருந்து 1.5-க்கு இறங்கியிருந்தது. 10 சதவீதம் குறைந்தாலே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள்.

சென்னையில் சி.டி., மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி எல்லாம் இரண்டு நாளில் முடிந்தன. வலது மூச்சுக்குழாயில் தையல் போட்ட இடம் சுருங்கியிருந்தது. பலூன் வைத்து விரிக்க வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். உண்மையான அலைச்சல் அங்கேதான் தொடங்கியது.

அந்த டாக்டர் வரிசையாகக் கேட்டார். எத்தனை நாள் வென்டிலேட்டர்? தையல் இடத்தில் பூஞ்சை வளர்ந்ததா? புது நுரையீரல் முதல் மூன்று நாளில் சரியாக வேலை செய்ததா? ரிஜெக்‌ஷன் வந்ததா, அதாவது உடல் புது நுரையீரலை ஏற்க மறுத்ததா? தானம் தந்தவர் இவரைவிட உயரமா? என் கையில் இருந்தது நாலு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் "அறுவைக்குப் பின் குறிப்பிடும்படியான சிக்கல் இல்லை" என்று ஒரே வரி. பதினொரு நாள் வென்டிலேட்டரில் கிடந்தான். ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து எண்ணியவள் நான்.

ஏன் இதெல்லாம் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். மூச்சுக்குழாய்க்கு என்று தனியாகச் சின்ன ரத்தக் குழாய்கள் உண்டு. மாற்று அறுவையில் பெரிய குழாய்களைத்தான் இணைப்பார்கள், இவற்றைப் பெரும்பாலும் இணைப்பதில்லை. அதனால் முதல் சில வாரம் தையல் இடம் நுரையீரலுக்குள்ளிருந்து பின்பக்கமாகக் கசிந்து வரும் கொஞ்சம் ரத்தத்தில்தான் பிழைக்கிறது. நீண்ட வென்டிலேட்டர், நுரையீரல் வீக்கம், ரிஜெக்‌ஷன், பூஞ்சைத் தொற்று, தானம் தந்தவர், பெற்றவர் மூச்சுக்குழாய்களின் அளவுப் பொருத்தமின்மை எல்லாம் அந்த இடத்தைப் பலவீனமாக்கும். அது தழும்பாகி மாதங்கள் கழித்துச் சுருங்கும். பூஞ்சை இன்னும் மிச்சம் இருந்தால் பலூன் மட்டும் போதாது, அதற்கும் மருந்து வேண்டும் என்றார். அதற்குத்தான் என்ன கிருமி வளர்ந்தது என்று சொல்லும் பழைய கல்ச்சர் ரிப்போர்ட்.

சரி, வாங்கி வரலாம் என்று மாற்று அறுவை நடந்த மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போனேன். முதல் நாள்: "பேஷன்ட் கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும்." லாட்ஜுக்கு ஓடி வாங்கி வந்தால் கவுன்ட்டர் மூடியிருந்தது. மறுநாள்: "அவரோட ஆதார் நகல் எங்கே?" இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மூன்றாம் நாள் ஆபரேஷன் குறிப்பு, ஐ.சி.யு. சார்ட், கல்ச்சர் ரிப்போர்ட் எல்லாம் கைக்கு வந்தன. முதல் மாத பிராங்கோஸ்கோபியில் தையல் இடத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை என்று தெளிவாக இருந்தது. மூன்று நாள் கழித்துத்தான் அந்த ஒரு தாள் டாக்டர் கைக்குப் போனது.

இன்னொரு வீண் நாளும் உண்டு. டேக்ரோலிமஸ் அளவு பார்க்கக் காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். அவசரத்தில் தம்பி மாத்திரையைப் போட்டுவிட்டான், அன்றைய பயணம் போயிற்று. பூஞ்சைக்கு வோரிகோனசோல் தொடங்கினால், அதுவும் ரத்தத்தில் டேக்ரோலிமஸ் அளவை ஏற்றும் என்பதால், டேக்ரோலிமஸைக் குறைக்க வேண்டும், அதை நிறுத்தும்போது மறுபடி கூட்ட வேண்டும். நிறுத்தும் தேதியையும் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

மூச்சுக்குழாயை மூடாமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்டென்ட் வைக்கச் சொல்லி நாங்கள்தான் கேட்டோம். சளி அடைக்கும், சுற்றிச் சதை வளரும், முதலில் பலூனை நம்புவோம் என்றார் டாக்டர். மூன்று முறை விரித்தார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் அன்றைக்கே ஆபரேஷன் குறிப்பு, வென்டிலேட்டர் நாட்கள், எல்லா கல்ச்சர் ரிப்போர்ட், பிராங்கோஸ்கோபி வீடியோ ஆகியவற்றை எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். நோயாளி கையெழுத்திட்ட கடிதமும் ஆதார் நகலும் பையிலேயே இருக்கட்டும்.

நேற்று ஊதியபோது 1.9 லிட்டர். முதுகில் காது வைத்துக் கேட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. அடுத்த பிராங்கோஸ்கோபி ஆறு வாரத்தில்.