பெரியப்பா வீட்டு பாக்ஸும், ஒரே சாவியால் நான் பட்ட பாடும்

போன வாரம் பெரியப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, காலையிலயே காசு கட்டிட்டேன், கேபிள்காரரும் சிக்னல் அடிச்சாச்சுன்னு சொல்றாரு, ஒரு மண்ணும் வரல." பாக்ஸ் ஆனில் இருக்கிறதா என்று கேட்டேன். படம்தான் வரவில்லையே, எதற்குக் கரண்டு செலவு என்று மெயினையே அணைத்து வைத்திருக்கிறார். ஆன் செய்து, வரவேண்டிய சேனலிலேயே விட்டுவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள் என்றேன். காபி முடிவதற்குள் வந்துவிட்டது.

நான் மூன்று வருடம் ஒரு கேபிள் கன்ட்ரோல் ரூமில் குப்பை கொட்டியவன். அங்கே போவதற்கு முன்னால் நானும் மற்றவர்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், காசு கட்டின வீட்டுக்குப் படம் போகும், கட்டாத வீட்டுக்குப் போகாது என்று. அப்படியெல்லாம் இல்லை. எல்லா வீட்டுக்கும் எல்லா சேனலும் போய்க்கொண்டேதான் இருக்கிறது, பூட்டிய நிலையில். படம் 188 பைட் பொட்டலங்களாக ஓடும். முதல் 4 பைட் தலைப்பு, அது பூட்டாமல் வரும், ஏனென்றால் எந்தப் பொட்டலம் எந்த சேனலுடையது என்று பாக்ஸுக்குத் தெரிய வேண்டுமே. பூட்டைத் திறக்கும் சாவி ஏறக்குறைய பத்து நொடிக்கு ஒருமுறை மாறும். அந்தச் சாவியையும் இன்னொரு பூட்டுக்குள் வைத்து அதே சிக்னலிலேயே அனுப்புவார்கள், அதற்குப் பெயர் ஈசிஎம். யார் யார் அதைப் பிரிக்கலாம் என்ற அனுமதி ஈஎம்எம் என்று தனியாக வரும். பெரியப்பா மெயினை அணைத்திருந்த நேரத்தில் அவருடைய ஈஎம்எம் வந்து, கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டது. நல்ல வேளையாக அதைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்போம்.

எத்தனை முறைதான் அனுப்புவது? ஒரு செய்தி 100 பைட், அனுப்ப ஒதுக்கிய இடம் நொடிக்கு 100 கிலோபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் பாக்ஸுக்கு ஆளுக்கொன்று அனுப்ப 800 நொடி, அதாவது 13 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பத்து லட்சம் பாக்ஸ் என்றால் ஒரு சுற்று முடிய இரண்டு மணி நேரம் தாண்டிவிடும். அதனால்தான் சில முறைகளில் 256 பேரை ஒரு குழுவாகச் சேர்த்து, ஒரே செய்தியில் ஆளுக்கு ஒரு பிட் வைத்து, 1 என்றால் உண்டு, 0 என்றால் இல்லை என்று அனுப்புவார்கள். பத்து லட்சம் செய்தி நாலாயிரத்துக்குள் அடங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு முதல்முறை உறைத்தது. அந்த 256 பேரிடமும் குழுச் சாவி ஒன்றுதான். தனக்கு 0 வந்திருப்பதைப் பார்த்து, சரி, நமக்கில்லை என்று ஒதுங்கிக்கொள்வது பாக்ஸில் செருகியிருக்கும் ஸ்மார்ட் கார்டின் நல்ல குணம், அவ்வளவுதான். சேனல் விஷயமும் பெரும்பாலும் அப்படித்தான்: ஈசிஎம்மைப் பிரிக்கும் சாவி கார்டில் இருக்கும், காசு கட்டியிருக்கிறதா என்று உள்ளே இருக்கும் பட்டியலைப் பார்த்து, இல்லையென்றால் வாயைத் திறக்காது. கார்டை எவனாவது உடைத்துவிட்டால் ஒரு சேனல் மட்டுமல்ல, மொத்தக் கடையும் திறந்துவிடும். சாவி இல்லாதவனும், சாவி இருந்தும் திறக்க மாட்டேன் என்பவனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

ஒரே சேனல்களை வாங்கியவர்களை ஒரு குழு என்று வைத்தால், குழு குறைவாக இருந்த காலத்தில் இது பெரிய தலைவலி இல்லை. 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் இந்தப் பூட்டு-சாவி முறை வந்தபோது, பாக்ஸ் வாங்கியவருக்குக் கட்டண சேனல், வாங்காதவருக்கு இலவச சேனல், முக்கியமான கோடு அவ்வளவுதான். 2019 பிப்ரவரி 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு சேனலாக நாமே பொறுக்கிக்கொள்ளலாம் என்று ஆனது, அப்புறம் ஏறக்குறைய ஒவ்வொரு வீடும் ஒரு தனிக் குழு. அந்த வாரம் கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சேர்ப்பதை விடக் கழற்றிவிடுவதுதான் எப்போதும் கஷ்டம். சேர வேண்டியவர் தானாகவே பாக்ஸை ஆன் செய்து காத்திருப்பார். கழற்றிவிட வேண்டியவர், நிறுத்தச் சொல்லும் செய்தியை உள்ளே விடாமல் தடுக்கப் பார்ப்பார். அதனால் அனுமதியிலேயே கெடு தேதி போட்டுத் தருவதுதான் புத்திசாலித்தனம்.

கார்டின் குணத்தை நம்பாமல் கணக்கை நம்பும் வழியும் உண்டு. கணினி விஞ்ஞானிகள் அமோஸ் ஃபியட்டும் மோனி நாவோரும் 1993-இல் தொடங்கி வைத்தது, 2001-இல் நாவோர் இன்னும் இருவருடன் சேர்ந்து மர வடிவில் கொண்டுவந்தார். எட்டு பாக்ஸை எட்டு இலையாக வையுங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரே வேர், ஒவ்வொரு இலைக்கும் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சாவி. ஒவ்வொரு பாக்ஸுக்கும் தன் இலையிலிருந்து வேர் வரை வழியில் இருக்கும் நான்கு சாவிகள். மூன்றாவது பாக்ஸைக் கழற்ற வேண்டுமா? பக்கத்து இலையின் சாவியில் ஒன்று, அடுத்த ஜோடியின் சாவியில் ஒன்று, எதிர்ப்பக்க நால்வரின் சாவியில் ஒன்று, மூன்றே செய்தி. மூன்றாவது பாக்ஸிடம் இந்த மூன்று சாவியில் ஒன்றுகூட இல்லை, கார்டை அக்கக்காகப் பிரித்தாலும் கிடைக்காது. 10,48,576 பாக்ஸ் இருந்தாலும் ஒருவரைக் கழற்ற 20 செய்திதான், ஆளுக்கு 21 சாவி. ப்ளூ-ரே டிஸ்கில் இருப்பது இதே குடும்பத்து உத்தி.

இவ்வளவு தெரிந்த நான் பின்னாளில் என்ன செய்தேன் தெரியுமா? பாட வீடியோ விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் ஸ்ட்ரீமிங் வேலை. அடிப்படைத் திட்டத்துக்கு 480 என்ற சுமாரான படத் தரம், பிரீமியத்துக்கு 1080 என்ற உயர்ந்த தரம். இரண்டையும் ஒரே சாவியால் பூட்டிவிட்டு, அடிப்படைக்காரருக்குப் போகும் பட்டியலில் 1080-ஐ மட்டும் மறைத்தேன். கார்டின் நல்ல குணத்தை நம்பின அதே கதை! ஒரு கல்லூரிப் பையன் வீடியோவின் இணைய முகவரியில் 480-ஐ அழித்து 1080 என்று போட்டுப் பார்த்திருக்கிறான், ஓடியிருக்கிறது. நல்ல பிள்ளை, "அண்ணா, நான் 480 கட்டினவன், 1080 ஓடுதே" என்று அவனே மெயில் போட்டான்.

ஒவ்வொரு தரத்துக்கும் தனிச் சாவி வைத்து, வீடியோவைத் திறக்க பிளேயர் லைசென்ஸ் கேட்கும்போது உரிய சாவியை மட்டும் கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் புதுச் சாவி என்றால் இருக்கிற வீடியோ எல்லாவற்றையும் மறுபடி பூட்ட வேண்டும். மூன்று ராத்திரி பூட்டினேன். நாலாம் நாள் காலை அவனிடமிருந்தே மெயில்: "அண்ணா, இப்ப 480-உம் ஓடல." பழைய பூட்டு போட்ட துண்டுகள், வேகத்துக்காக நகல் எடுத்து வைக்கும் கேஷில் அப்படியே உட்கார்ந்திருந்தன.