மாமாவின் பால் கணக்கும் 202, 7 என்ற இரண்டு பைட்டும்

மாமா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். தொண்ணூறுகளில் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் டர்போ சி என்ற, நிரல் எழுதும் மென்பொருளைத் தானே படித்து, தினசரி மழையையும் ரப்பர் பால் எடையையும் பதிய ஒரு புரோகிராம் எழுதினார். இப்போது அந்த நிலம் முழுக்கச் செம்பனை. அவரிடம் மிஞ்சியது ஒன்பது ஃபிளாப்பி. ஏழைப் படிக்க முடிந்தது. நிரலும், 1992 முதல் 1997 வரையிலான கணக்கில் பெரும்பகுதியும் கிடைத்தன. வீட்டில் சும்மா கிடந்த பழைய வைஃபை ரூட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற, ரூட்டருக்கான லினக்ஸைப் போட்டு, அதிலேயே இதை ஓடவிட்டால் மாமா தன் போனில் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம் என்று தோன்றியது. இறங்கிவிட்டேன்.

முதலில் லேப்டாப். நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. கோப்பைத் திறந்தால் முதல் வரியிலிருந்தே குப்பை. காரணம் அளவு. மாமா ஒரு நாளின் பதிவை ஸ்ட்ரக்ட் (பல எண்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) ஆக்கி, அதை அப்படியே கோப்பில் கொட்டியிருந்தார். பைட் என்பது 0 முதல் 255 வரை ஓர் எண்ணை வைக்கும் சின்ன அறை. முழு எண் வகைகளில், டர்போ சி-யில் இன்ட் என்றால் 2 பைட், லாங் என்றால் 4. நாள், மாதம், ஆண்டு, காட்டு (தோட்டத்தின் ஒரு பகுதி) நம்பருக்கு ஒரு பைட் கேரக்டர், மழை, பால், கடைசியில் ஆண்டு மொத்தம்: எல்லாம் சேர்த்து 15 பைட். என் 64 பிட் லினக்ஸில் இன்ட் 4, லாங் 8. கூடவே, எண்கள் நேரான எல்லையில் தொடங்கட்டும் என்று கம்பைலர் நடுவில் வெற்று பைட்டுகளையும் திணிக்கிறது. அதே ஸ்ட்ரக்ட் இங்கே 32 பைட். 1999-ஆம் ஆண்டு சி தரத்தோடு வந்த, அகலத்தைப் பெயரிலேயே சொல்லும் வகைகளுக்கு எல்லாவற்றையும் மாற்றி, இடைவெளி விடாதே என்றும் கம்பைலருக்குச் சொன்ன பிறகு தேதிகள் ஒழுங்காக வந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிட, மாமா பால் எடையை 35-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்திருந்தார். 16 பிட் (2 பைட்) இன்ட் 32,767 வரைதான் தாங்கும். 936 கிலோ வரை சரி. 937 ஆனால் பெருக்கல் 32,795 ஆகி, குறி புரண்டு எதிர்மறையாகிவிடும். 1,286 கிலோவுக்கு அவருடைய புரோகிராம் -205 காட்டியிருக்கும். லேப்டாப்பில் 450 வருகிறது. கேட்டேன். “அந்தப் பெருக்கல் அப்பவே மக்கர் பண்ணும் தம்பி. மைனஸ் வந்தா நான் கையால போட்டுத்தான் பெரிய கிராணிகிட்ட கொடுப்பேன்” என்றார். நோட்டை எடுத்துக் காட்டினார். சிவப்பு மையில், நாள் வாரியாக, அத்தனையும் சரியான எண்கள். அந்த நோட்டைத்தான் அன்றிலிருந்து என் சோதனைக்கு அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

அடுத்து ரூட்டர். அதன் மிப்ஸ் சிப் பிக் எண்டியன், அதாவது எண்ணின் பெரிய பகுதியை முதலில் வைப்பது. நாம் இருபத்தைந்து என்கிறோமே, இருபது முன்னால், ஐந்து பின்னால், அந்த மாதிரி. மாமாவின் பழைய பிசியும் என் லேப்டாப்பும் லிட்டில் எண்டியன்: நாள், மாதம், ஆண்டு என்று தேதி எழுதுவதுபோல் சிறியது முதலில். 1980-இல் டேனி கோஹன் இந்தப் பெயர்களைக் கணினிக்குக் கொண்டுவந்தபோதே எது சரி என்ற சண்டை பெரிதாக நடந்துகொண்டிருந்தது. கோப்பில் 14-3-1994 பதிவு இப்படி இருக்கிறது:

14 0 3 0 202 7 3 0 0 6 5

அதன் பின் மொத்தத்துக்கு நான்கு பைட். 202, 7 என்பது ஆண்டு: 7×256 + 202 = 1994. ரூட்டர் இதைத் தலைகீழாகப் படித்து -13817 என்றது. நாள் 3584. தப்பு கண்ணில் அடித்ததால் மூன்று தேதிப் புலங்களிலும் பைட்டைத் திருப்பிப் போட்டேன். தேதி சரி. மழை 0, பால் 1541. நம்பும்படி இருந்தது. அந்த ஒரு பதிவை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் மாமா போனைப் பார்த்ததும், “மூணாம் நம்பர் காட்டுல 1,500-ஆ? மார்ச்சு மாசம் இலை கொட்டுற நேரம் தம்பி, பால் ஏது அவ்வளவு?” என்றார். 6, 5 என்பது 5×256 + 6 = 1286. ரூட்டர் 6×256 + 5 என்று படித்திருக்கிறது. மழை மட்டும் எப்படிச் சரியானது? பூஜ்யத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் பூஜ்யம்தான். 257-க்கும் 1028-க்கும் அதே கதை. சோதனைக்கு அந்த மாதிரி எண்களை எடுக்கவே கூடாது.

புலம் புலமாகத் திருப்புவதை அன்றே நிறுத்தினேன். ஸ்ட்ரக்டைக் கோப்பிலிருந்து நேராக நிரப்பும் வரிகளை எல்லாம் எடுத்துவிட்டு, 15 பைட்டை ஒரு வரிசையில் வாங்கி, ஒவ்வோர் எண்ணையும் 256-ஆல் பெருக்கிக் கூட்டி எடுக்கிறேன். இந்த வழியில் எந்த மெஷினில் ஓடுகிறோம் என்று நிரல் கேட்கவே தேவையில்லை. கோப்பு என்ன சொல்கிறதோ அதுதான் எண்.

அதிலும் இரண்டு இடத்தில் இடறியது. பைட்டுகளை வெறும் கேரக்டர் வகையில் வாங்கியிருந்தேன். ஆர்ம் சிப் உள்ள குட்டிக் கணினியான ராஸ்பெர்ரி பையில் ஆண்டு 1994, லேப்டாப்பில் 1738! ஆர்ம் லினக்ஸில் கேரக்டருக்குக் கழித்தல் குறி கிடையாது, இன்டெல்லில் உண்டு. அங்கே 202 என்பது -54 ஆகிவிடுகிறது. 127-க்கு மேற்பட்ட பைட் வரும்போது மட்டும் கடிக்கும் தவறு இது. அன்சைன்ட் என்று ஒரு சொல் சேர்த்ததும் தீர்ந்தது. இன்னொன்று, மழைமானி பார்க்காத நாளுக்கு மாமா -1 போட்டிருந்தார். 255, 255 என்ற அந்த இரண்டு பைட்டையும் நான் கூட்டினால் 65,535 மில்லிமீட்டர் மழை. 32,767-ஐத் தாண்டினால் 65,536-ஐக் கழி என்று எழுதிய பிறகு -1 திரும்பி வந்தது.

இப்போது லேப்டாப், பை, ரூட்டர் மூன்றிலும் ஒரே கோப்பை ஓட்டி, வெளியீட்டை வரிக்கு வரி ஒப்பிடுகிறேன். மூன்றும் ஒன்றே. நோட்டோடும் ஒத்துப்போகிறது, 1995 நவம்பரில் ஒரு வாரம் தவிர. அங்கே ஆண்டு மொத்தம் 412 கிலோ இடிக்கிறது. பைட்டுகளைக் கையால் கூட்டிப் பார்த்தேன், நிரலில் பிசகில்லை. மாமா அந்த வருடத்து இரண்டாவது நோட்டை அலமாரியில் தேடிக்கொண்டிருக்கிறார்.