ஷூ டப்பாவில் ஸ்பானிஷ்: எட்டு மாதக் கணக்கு

வீடு காட்பாடி, வேலை ஆம்பூர். ஒரு ஷூ ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பவன். ஸ்பெயினில் அலிகாந்தே மாகாணத்தில் எல்ச்சே, எல்தா என்று இரண்டு ஊர்கள் உண்டு. நமக்கு ஆம்பூர், ராணிப்பேட்டை எப்படியோ, ஷூ விஷயத்தில் அவர்களுக்கு அவை அப்படி. எங்களிடம் ஷூ வாங்கும் பையர்களில் ஒருவர் எல்ச்சேக்காரர். மெயில் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் வீடியோ காலில் சாம்பிளைக் கையில் எடுத்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் ஸ்பானிஷில் பொரிந்து தள்ளுவார். என்ன திட்டுகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் போன ஜூனில் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் இரண்டு மாதம் வீண். ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். வீடு வந்து சேரவே ஒன்பதாகிவிடும். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம், மொட்டை மாடித் தரை ராத்திரி பத்துக்கும் சுடும். கீழே ரூமில் உட்கார்ந்தால் புத்தகத்தின் மேலேயே தூக்கம். இதற்கு நடுவே மொழி ஆப் ஒன்றில் மட்டும் விடாமல் 64 நாள் தட்டினேன். நான்கு விடையில் ஒன்றைத் தொட வேண்டியதுதானே, தூங்கிக்கொண்டே செய்யலாம்.

65-வது நாள் பையர் காலில் வந்தார். "தபாத்தோ, தபாத்தோ" என்கிறார். நான் முழிக்கிறேன். அவர் சொன்னது ஷூ! ஆப்பில் கேட்ட குரல் லத்தீன் அமெரிக்க உச்சரிப்பு, "சபாத்தோ" என்றே பழக்கியிருந்தது. ஸ்பெயினில் பெரும்பாலான இடங்களில் அந்த முதல் எழுத்தை (z) நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். ஷூ விற்றுச் சாப்பிடுகிறவனுக்கு ஷூ என்ற சொல்லே காதில் ஏறவில்லை. அன்றைக்கே ஆப்பை அழித்தேன், சுவரில் இருந்த தாளையும் கிழித்தேன்.

மறுநாள் தொழிற்சாலையிலிருந்து ஒரு ஷூ டப்பா எடுத்து வந்து, அட்டையைக் குறுக்கே வெட்டிச் செருகி ஐந்து அறை செய்தேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் ஜெர்மன் மொழியில் எழுதிப் பரப்பிய முறை. சொல்லுக்கு ஒரு சின்ன அட்டை, முன்பக்கம் தமிழ், பின்பக்கம் ஸ்பானிஷ். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பானால் எங்கே இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறை தினமும், இரண்டாவது ஒருநாள் விட்டு ஒருநாள், கடைசி அறை மாதம் ஒருமுறை.

ஆர்வக் கோளாறில் நாளுக்கு 20 புது அட்டை எழுதினேன். இரண்டு வாரத்தில் முதல் அறையில் விரல் நுழையவில்லை. இப்போது நாளுக்கு ஐந்து, ஞாயிறு கிடையாது. ஐந்துதானா என்று எனக்கே தோன்றியது. ஆனால் அந்த ஐந்து நிற்கிறது.

நேரத்துக்கு வழிகாட்டியது ரயில். கடிகாரம் பார்த்துப் படிக்க எனக்கு வராது, ஸ்டேஷன் பார்த்துப் படிக்க வந்தது. காலை பாசஞ்சரில் காட்பாடியிலிருந்து லத்தேரி வரை முதல் அறை அட்டைகள். லத்தேரியிலிருந்து குடியாத்தம் வரை ஸ்பெயின் குரலில் ஒரே ஒலிப்பதிவு, வாரம் முழுக்க அதுவேதான். குடியாத்தத்தில் கூட்டம் ஏறிவிடும், அட்டையைப் பிரிக்க முடியாது. அதனால் வளத்தூர், மேல்பட்டி என்று ஆம்பூர் வரும்வரை முந்தைய நாள் நடந்ததை வாய்க்குள்ளேயே ஸ்பானிஷில் சொல்லிப் பார்ப்பேன். சொல் வராத இடம்தான் அன்றைய புது அட்டை. சாயங்காலம் ரயிலில் ஒன்றும் கிடையாது, தூக்கம்.

தமிழ் இவ்வளவு உதவும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆங்கில வழிப் புத்தகம் வினைச்சொல் விகுதிக்குப் பத்துப் பக்கம் எடுத்துக்கொள்கிறது. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம். நான், நாம் எல்லாம் தனியாகச் சொல்லவே வேண்டாம், நம் ஊர் வழக்கம்தான். 'மே குஸ்தா எல் கஃபே' என்பது அப்படியே 'எனக்குக் காபி பிடிக்கும்'. நீ, நீங்கள் போல 'தூ', 'உஸ்தேத்'. ஞ வேறு இருக்கிறது, எஸ்பாஞா!

சில சொற்களுக்கு அட்டையே தேவைப்படவில்லை. மேசை 'மேசா', அலமாரி 'அர்மாரியோ'. நமக்கு இவை போர்த்துகீசியர் வழியாக வந்தவை, ஸ்பானிஷ் அதற்குச் சகோதர மொழி. இலங்கைத் தமிழர் ஷூவைச் சப்பாத்து என்பதும் அதே வழிதான். டீ நேரத்தில் எங்கள் கட்டிங் மேஸ்திரி அண்ணன், "இன்னாப்பா, டப்பாவ வச்சிக்கினு படிக்கிற?" என்றார். மேஸ்திரியும் அந்தக் கப்பலில் வந்த சொல்தான், ஸ்பானிஷில் 'மாஎஸ்த்ரோ' என்றேன். அதிலிருந்து என்னைப் பார்த்தாலே "மாஎஸ்த்ரோ வந்திருக்கேன்" என்கிறார்.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் 'is' என்று ஒன்றே வரும் இடத்தில் ஸ்பானிஷில் இரண்டு சொல். 'இது தோல்' என்றால் 'எஸ்', 'தோல் ஈரமாக இருக்கிறது' என்றால் 'எஸ்தா'. ஆகா, தமிழில் 'இருக்கிறது' வந்தால் 'எஸ்தா' என்று விதி எழுதி வைத்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்பதற்கு 'எஸ்'தான் வரும். விதியைக் கிழித்துவிட்டு ஒவ்வொரு வாக்கியமாக அட்டையில் ஏற்றினேன். ஆண்பால், பெண்பால் இன்னொரு தலைவலி. மேசைக்கும் ஷூவின் அடிப்பாகமான சோலுக்கும் பெண்பால், ஷூவுக்கு ஆண்பால். நீல மை, சிவப்பு மை என்று பிரித்து எழுதிய பிறகு கொஞ்சம் பிடிபட்டது.

பொங்கலுக்கு ஒன்பது நாள் டப்பாவைத் திறக்கவில்லை. திரும்பி வந்தபோது எல்லா அறையிலும் பாக்கி. ஒரு வாரம் புது அட்டையை நிறுத்திப் பழையதை மட்டும் அடைத்தேன்.

இப்போது டப்பாவில் சுமார் 600 அட்டை. போன வாரக் காலில் பையர் சோலைப் பற்றிப் பேசியதில் பாதி புரிந்தது. திட்டவில்லை, பசை விலகுவதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொல்லுங்கள் என்று ஸ்பானிஷில் கேட்டேன், இரண்டு வாக்கியம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் பழைய வேகத்துக்கே போனார். லைனிங் என்பதற்கு 'ஃபொர்ரோ' என்று ரகரத்தை உருட்டிச் சொல்ல வேண்டும். நான் 'ஃபோரோ' என்றதும் சிரித்தார், அது மன்றமாம். கரியையும் கறியையும் ஒரே மாதிரி சொல்லியே வளர்ந்த நாக்கு. பள்ளியில் தமிழ் ஐயா இதற்காகத் தலையில் குட்டியிருக்கிறார்.

லத்தேரி தாண்டியதும் இனி ஐந்து நிமிடம் ரகரம் உருட்டலாம் என்று இருக்கிறேன். எதிர் சீட்டுக்காரர் ஏற்கெனவே ஒரு மாதிரி பார்க்கிறார்.