சாக்பீஸ் கோடு

போன ஆடியில் நம் பள்ளித் தமிழய்யா காலமான செய்தி குழுவில் வந்தபோது டொரன்டோவில் விடியற்காலை மூன்று மணி. அப்புறம் தூக்கம் வரவில்லை. பழைய மாணவர் மலருக்கு எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் கேட்டதும் ஐயாவைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. அவரைப் பற்றி எழுதினால் சினிமா டைரக்டர் விசுவைப் பற்றி எழுதாமல் முடியாது. நம் செட்டுக்கு அது தெரியும்.

ஐயாவின் சொந்த ஊர் செய்யாறு பக்கம். வட ஆற்காடு மாவட்டம் பிரியாத காலம் என்பதால் செய்யாறும் அப்போது நம் மாவட்டம்தான். புரிசைத் தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர் அவர். சினிமா என்றாலே மற்ற ஆசிரியர்கள் முகம் சுளித்த நாளில், புளியமரத்தடி ஒத்திகையில் விசுவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். மேடைக்கு எழுதிக்கொண்டிருந்தவர் பாலசந்தரிடம் போய்ச் சேர்ந்தது, விசுவின் 'பட்டினப் பிரவேசம்' நாடகம் 1977-ல் படமானது, 1981-ல் 'தில்லு முல்லு'வுக்கு வசனம், அதே ஆண்டு 'குடும்பம் ஒரு கதம்பம்' படத்தில் நடிகர், அடுத்த ஆண்டே டைரக்டர். இதையெல்லாம் சொந்தத் தம்பிக்கு வேலையில் உயர்வு கிடைத்ததுபோல ஐயா சொல்வார்.

"மணல் கயிறு பார்த்தீங்களாடா? அந்த நாரதர் நாயுடு யாரு? நம்ம கட்டியங்காரன்டா! கிரீடத்தக் கழட்டி வெச்சிட்டு வந்திருக்கான்."

கூத்தில் கட்டியங்காரன் கதைக்குள்ளும் இருப்பான், வெளியிலும் இருப்பான். ராஜாவிடம் பேசிக்கொண்டே ஜனங்கள் பக்கம் திரும்பி இரண்டு வார்த்தை விடுவான். எட்டு கண்டிஷன் போட்ட மாப்பிள்ளைக்குப் பெண் தேடிய அந்தக் கல்யாணத் தரகரும் அதே ஜாடைதான். பின்னாளில் டிவியில் அரட்டை அரங்கத்தில் விசு மைக்கோடு நின்றபோதெல்லாம் எனக்கு ஐயாவின் குரல்தான் கேட்டது. விசுவின் படங்கள் நாடகம் மாதிரி இருக்கின்றன என்று குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகவே பட்டதில்லை. ஒரே கூடத்தில் குடும்பமே கூடி நின்று, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் ஆரம்பிப்பது கடைசி வரிசைக்காரனுக்காக. அவன் காதுக்கு ஒரு சொல்லும் தப்பக்கூடாது என்கிற மேடைக்காரரின் அக்கறை அது. சினிமாவுக்குப் போயும் அதை அவர் விடவில்லை.

1986-ல் 'சம்சாரம் அது மின்சாரம்' வந்தது. தேசிய விருதும் வாங்கியது. அடுத்த ஆண்டு பள்ளி விழாவுக்கு அதில் ஒரு பகுதியை அரைமணி நேர நாடகமாக ஐயா சுருக்கி எழுதினார். அப்பா அம்மையப்ப முதலியார் வேஷம் எனக்கு. மூத்த மகனோடு சண்டை முற்றி, வீட்டு நடுவே அப்பா கோடு போட்டுப் பிரிக்கிற இடம்தான் உச்சம்.

அந்தப் பங்குனியில்தான் வேலூரில் எங்கள் வேலப்பாடி வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்திருந்தார்கள். முற்றத்தின் நடுவே பூசாத செங்கல் சுவர் இடுப்பளவு எழும்பி நின்றது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. விழாவன்று அப்பா இரண்டாவது வரிசையில் இருந்தார். பெரியப்பாவும் பெரியம்மாவும் அவருக்கு நாலு வரிசை தள்ளி.

குனிந்து சாக்பீஸை வைத்தேன். வியர்வையில் அது ஈரமாகி விரலில் மாவாய் ஒட்டியது. மூன்றடி இழுத்ததும் இரண்டாக உடைந்தது. நிமிர்ந்தேன். அப்பா தலையைக் குனிந்திருந்தார். வசனம் போய்விட்டது. ஐயா திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்ததும் காதில் ஏறவில்லை.

அப்போதுதான் அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார், கட்டியங்காரனாக. "இன்னா முதலியாரே, பெத்த புள்ளைக்கும் உமக்கும் நடுவுல கோடு போடக் கை வரலையா?" கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் விசில் பறந்தது. "வராதுங்க. யாருக்குமே வராதுங்க" என்றும் அவர் சொன்னாராம். எனக்குச் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. எப்படியோ மிச்சத்தைப் பேசி முடித்தேன். கைதட்டினார்கள். மறுநாள் ஐயா ஆளனுப்பிக் கூப்பிட்டார். நான் போகவில்லை. ஊர் பார்க்க என்னைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டார் என்று பதினாறு வயதில் பிடித்த கோபம், பிளஸ் டூ முடிந்து ஊரைவிட்டுப் போகும்வரை இறங்கவில்லை. சொல்லிக்கொள்ளாமலேயே போனேன்.

ஐயா இறந்த மறுநாள் ஒரு நண்பன் பழைய போட்டோ ஒன்றைக் குழுவில் போட்டான். அதே காட்சி. ஐயா கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் அகல விரித்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் என் பாதங்களும் சாக்பீஸ் துண்டும் மட்டும் தெரிகின்றன. முகம் தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்ததை அன்று யாருமே பார்த்திருக்க முடியாது. அவர் பார்க்க விடவில்லை.

2020 மார்ச் 22, விசு இறந்த அன்று, 33 வருஷம் கழித்து ஐயாவுக்குப் போன் செய்தேன். நம்பர் தேடிக் கொடுத்தவனுக்கு இங்கேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன். பெயரைச் சொன்னதும் "யாரு, முதலியாரா?" என்றார். இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே ஆரம்பித்தார். "கடைசியில அந்த மூத்த மருமக, தனியா இருந்தாலும் பிரியமா இருக்கலாம்னு சொல்லுவா இல்ல, அதுதாண்டா அந்த நாடகம். நீ அவ்ளோ தூரம் போனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பொங்கலுக்காவது வரணும்டா." கட்டாயம் வருகிறேன் ஐயா என்றேன்.

2023-ல் போனேன், நான்கு நாள். பெரியப்பா மகன்களும் நாங்களுமாகச் சேர்ந்து வேலப்பாடி வீட்டை விற்றோம். பத்திரப்பதிவு முடியும்போது மதியம் இரண்டு மணி, நம் ஊர் மே மாத வெயில். ஐயா தொரப்பாடியில் இருந்தார். ஆட்டோ பிடித்தால் கால் மணி நேரம். அடுத்த தடவை நிதானமாக வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று காட்பாடிக்குப் போய் ரயில் ஏறிவிட்டேன்.